வன்னிச் சிறுவரும் கல்வித் தொலைக்காட்சியும்: பக்கச்சார்பு எங்கே தொடங்குகின்றது?

சிறுவருக்கான கல்வி நிகழ்ச்சி ஒன்று அரசியற் சார்புடையதா எனக் கேட்கப்படும்போது, அந்நிகழ்ச்சியில் என்ன சொல்லப்பட்டது என்பதையே பெரும்பாலானோர் ஆராய்கின்றனர். கொடி காட்டப்பட்டதா, தலைவரின் படம் வந்ததா, ஒரு தரப்பினர் எதிரிகளாகச் சித்திரிக்கப்பட்டனரா என்பனவே அவர்களது அளவுகோல்கள். இவை தேவையானவையே, ஆயினும் போதுமானவை அல்ல. நிகழ்ச்சியைத் தயாரித்தவர் தம் முன்னே இருக்கும் பிள்ளையை யாராக எண்ணிப் பேசினார், எதனைச் சொல்லாமல் விட்டார் என்ற இரு கேள்விகளும் அவற்றோடு சேர்க்கப்பட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் நாற்பது ஆண்டு கால அனுபவம் இதனையே எமக்கு உணர்த்துகின்றது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மூன்று மாவட்டங்களிலும் ஏறத்தாழ மூன்றே முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இம்மக்களின் பிள்ளைகளை நோக்கி வெவ்வேறு காலங்களில் மூன்று வகையான தொலைக்காட்சிகள் பேசியுள்ளன. முதலாவது, கொழும்பிலிருந்து வரும் அரச தொலைக்காட்சி. இரண்டாவது, கிளிநொச்சியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சி. மூன்றாவது, செய்மதி அலைவாங்கிகள் வழியாக வீடுகளுக்குள் வரும் தமிழக வணிகத் தொலைக்காட்சி. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை. ஆனால் வன்னிப் பிள்ளையைப் பிள்ளையாகவே எண்ணி, அதன் கேள்விகளுக்கு முகங்கொடுத்துப் பேசுவதை இவற்றில் ஒன்றேனும் தன் பணியாகக் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சார்பின் வடிவங்கள்

சிறுவர் தொலைக்காட்சியில் அரசியல் நுழைவது புதிய விடயமன்று. அது வன்னிக்கு மட்டும் உரியதுமன்று.

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் பாலர் கல்வி நிகழ்ச்சியில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே தெருவில் அயலவராக வாழ்வது காட்டப்பட்டது. எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே அதன் நோக்கம். எனினும் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு 1970ஆம் ஆண்டில், இனங்கள் கலந்து தோன்றுவதை முன்னிட்டு அதனை ஒளிபரப்ப மறுத்தது. நாடளாவிய கண்டனம் எழவே, சில வாரங்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஒரு தரப்பினருக்கு இயல்பான அயலுறவாகத் தோன்றுவது இன்னொரு தரப்பினருக்கு அரசியலாகத் தோன்றலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் காசாவில் உள்ளது. ஹமாஸ் இயக்கத்தின் அல் அக்ஸா தொலைக்காட்சி 2007ஆம் ஆண்டில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. அதில் மிக்கி மவுஸ் போன்ற உருவம் தாங்கிய ஒரு பாத்திரம் குழந்தைகளிடம் போராட்டத்தைப் பற்றிப் பேசியது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபோது, அப்பாத்திரம் இஸ்ரேலியர் ஒருவரால் அடித்துக் கொல்லப்படுவதாகக் காட்டியே அதனை நிகழ்ச்சியிலிருந்து விலக்கினர். முற்றுகைக்குள் வாழும் பிள்ளைக்குத் துயரமும் கோபமும் இருப்பது உண்மை. அந்தக் கோபத்தைப் பெரியவர்கள் தமது தேவைக்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை.

பிளவுண்டிருந்த ஜேர்மனியின் அனுபவம் இன்னும் நுட்பமானது. உறங்கப்போகும் குழந்தைகளுக்கான 'மணல் மனிதன்' என்ற பொம்மை நிகழ்ச்சியைக் கிழக்கு ஜேர்மனி 1959ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி தொடங்கியது. மேற்கு ஜேர்மனியின் மணல் மனிதன் அதன் பின்னர், டிசம்பர் முதலாம் திகதி வந்தான். கிழக்கின் பொம்மை சில நாட்களில் இராணுவ வாகனத்திலும் சோவியத் விண்கலத்திலும் பயணஞ் செய்ததுண்டு. இருப்பினும் 1990இல் இரு நாடுகளும் இணைந்த பின்னர் நிலைத்தது கிழக்கின் மணல் மனிதனே. மேற்கின் நிகழ்ச்சி 1989ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அரசு அழிந்தது, அதன் பிரசாரம் அழிந்தது, குழந்தைக்காகவே உண்மையாகச் செய்யப்பட்ட பகுதி எஞ்சியது.

இவற்றிலிருந்து சார்பின் நான்கு வடிவங்களை நாம் இனங்காணலாம். வெளிப்படையான பிரசாரம் ஒன்று. எவரை நாயகராகவும் எவரைப் பின்னணியாகவும் காட்டுவது என்னும் தெரிவு இரண்டாவது. மௌனம் மூன்றாவது. பணத்தையும் நியமனங்களையும் கையில் வைத்திருப்போரின் கட்டுப்பாடு நான்காவது. முதலாவது எளிதில் கண்ணுக்குப் புலப்படும். ஏனைய மூன்றும் எளிதில் புலப்படுவதில்லை.

அரச தொலைக்காட்சி: விருந்தாளியாக ஒரு பிள்ளை

இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. ஜப்பானிய அரசின் நன்கொடையுடன் உருவான அந்நிலையம் 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நிகழ்ச்சிகள் உயர்ந்த தரத்தையும் சமநிலையையும் பேண வேண்டும், செய்திகள் துல்லியமாகவும் பக்கச்சார்பின்றியும் வழங்கப்பட வேண்டும் என அதன் சட்டம் கூறுகின்றது. ஆனால் அதன் பணிப்பாளர் சபை அமைச்சரின் நியமனத்தில் தங்கியிருக்கின்றது. சட்டத்தின் எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளி இங்கிருந்தே தொடங்குகின்றது. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி பிரதி அமைச்சர் மேர்வின் சில்வா தமது உரை ஒளிபரப்பப்படவில்லை என்பதற்காகத் தம் ஆட்களுடன் நிலையத்துக்குள் புகுந்த சம்பவம், அந்நிறுவனத்தை அரசியல்வாதிகள் யாருடைய சொத்தாகக் கருதினர் என்பதை நாடறியச் செய்தது.

சிங்களச் சிறுவர்களைப் பொறுத்தவரை ரூபவாஹினி ஒரு பொற்காலத்தை உருவாக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. டைட்டஸ் தொட்டவத்தையின் தலைமையிலான மொழிமாற்றுப் பிரிவு வெளிநாட்டுச் சித்திரக் கதைகளைச் சிங்கள மண்ணுக்கே உரியனவாக மாற்றிக் கொடுத்தது. 'தொஸ்தர ஹொந்த ஹித்த', 'பிஸ்ஸு பூஸா' ஆகியவற்றைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்றும் அவற்றை நினைவுகூர்கின்றது. வெறுமனே சொல்லுக்குச் சொல் மாற்றாது, சிங்களக் கிராமத்தின் பேச்சையும் பாட்டையும் நகைச்சுவையையும் அவர் அப்பாத்திரங்களின் வாயில் வைத்தார். அது ஒரு பெரும் கலைப்பணி. அதில் இனவாதம் எதுவும் இருக்கவில்லை.

அதே நிலையம் தமிழ்ப் பிள்ளைக்கு அத்தகைய ஒரு மரபை உருவாக்கித் தரவில்லை. சிங்கள, ஆங்கில நிகழ்ச்சிகளுக்கிடையே தமிழுக்குக் கிடைத்த நேரம் நீண்டகாலம் சொற்பமாகவே இருந்தது. தமிழ்ப் பிள்ளை அங்கே விருந்தாளி. சிங்களப் பிள்ளை வீட்டுப் பிள்ளை. எவரும் தீங்கு நினைத்து இதனைச் செய்திருக்க வேண்டியதில்லை. நாம் மேலே இரண்டாவதாகக் குறிப்பிட்ட சார்பு இத்தகையதே. அது திட்டமிடாமலும் நிகழும். யாரை எண்ணி நிகழ்ச்சி தயாரிக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அது அமைகின்றது.

கல்வி ஒலிபரப்பில் அரசியல் தலையீடு பற்றி இலங்கையின் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கின்றது என்பது பலரும் மறந்துபோன விடயமாகும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995ஆம் ஆண்டில் திடீரென நிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியில் நேயராகப் பங்குகொண்ட ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என அறியப்படும் அவ்வழக்கில் 1996ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு, நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் நேயரின் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைப் பரிசீலித்த அதே நீதிமன்றம், ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அத்தகைய சுதந்திரமான அமைப்பு இல்லாத நிலையிலேயே எமது கல்வித் தொலைக்காட்சி வளர்ந்தது.

புலிகளின் தொலைக்காட்சி: நாளைய போராளியாக ஒரு பிள்ளை

ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள கொக்காவிலில் ரூபவாஹினியின் அஞ்சல் நிலையம் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபோது அந்நிலையமும் இல்லாமற்போனது. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையின்போது மின்கலங்களும் எரிபொருளும் தட்டுப்பாடாயின. மின்சாரம் அற்ற ஊர்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1990ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட 'புலிகளின் குரல்' வானொலி இச்சூழலிலேயே வன்னியின் செவிகளை எட்டியது. வீடியோப் படங்கள் மின்பிறப்பாக்கிகளின் உதவியுடன் பொது இடங்களில் காட்டப்பட்டன. 'நிதர்சனம்' பிரிவு தயாரித்த போர்க்களப் படங்கள் அவற்றில் முக்கிய இடம் வகித்தன.

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் வன்னிக்குப் பொருட்கள் வரத் தொடங்கின. 2005ஆம் ஆண்டில் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியாக ஒளிபரப்பை ஆரம்பித்தது. தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது செய்திகளை வழங்கியது. தமது செய்மதி அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுகின்றது எனக் கூறிய இன்டெல்சாட் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அதனை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. 2007ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி புலிகளின் குரல் நிலையம் விமானப்படையின் குண்டுவீச்சுக்கு இலக்காகி, ஊடகப் பணியாளர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். இதனை யுனெஸ்கோ நிறுவனம் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது.

கொழும்பின் திரையில் தன் முகத்தைக் காணாத ஒரு மக்களுக்கு, தமது பேச்சையும் தமது ஊரையும் தமது இழப்பையும் காட்டிய தொலைக்காட்சி எத்தகைய உணர்வை அளித்திருக்கும் என்பதை வெளியிலிருப்போர் எளிதில் புரிந்துகொள்ள மாட்டார்கள். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாமல் புலிகளின் ஊடகத்தை மதிப்பிடுவது நியாயமாகாது. ஆயினும் அந்த ஊடகம் பிள்ளையை யாராக எண்ணியது என்ற கேள்வியையும் நாம் தவிர்க்க முடியாது. பாடசாலைகளில் உரைகளும் வீடியோக் காட்சிகளும் வீதி நாடகங்களும் மாவீரர் கதைகளும் சிறுவரை இயக்கத்தின்பால் ஈர்க்கப் பயன்படுத்தப்பட்டமையை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. 2003ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு இறுதி வரையில் விடுதலைப் புலிகள் சிறுவரைச் சேர்த்தமை தொடர்பாக 6,000க்கும் அதிகமான சம்பவங்களை யுனிசெப் பதிவு செய்தது. கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டோரும் வறுமையால் சென்றோரும் அவர்களுள் அடங்குவர். ஆதலால் இவை அனைத்தையும் திரையின் விளைவு எனக் கூறுவது தவறாகும். ஆனால் களத்தில் வீழ்வதே பிள்ளை அடையக்கூடிய மிக உயர்ந்த நிலை என இடைவிடாது காட்டிய திரைக்கு, அப்பிள்ளையைத் தடுத்து நிறுத்த விரும்பிய தாயின் குரலுக்கு இடம் கொடுக்க முடியவில்லை. அதுவே அதன் சார்பின் மிகக் கொடிய பகுதி.

இக்காலத்தில் வன்னிப் பிள்ளை வாழ்ந்த இரட்டை உலகம் கவனிக்கத்தக்கது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் பாடசாலைகள் அரச கல்வித் திணைக்களத்தின் கீழேயே இயங்கின. ஆசிரியர்களுக்குக் கொழும்பே சம்பளம் வழங்கியது. அரசாங்கம் இலவசமாக வழங்கிய பாடநூலைப் படித்தே பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினர். அந்நூலின் வரலாறு அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் மையமாகக் கொண்டது. மாலையில் வானொலியிலும் திரையிலும் கேட்ட வரலாறு வேறொன்று. இரண்டில் ஒன்றேனும் மற்றையதை மேற்கோள் காட்டி, அதனோடு வாதிட்டு, பிள்ளையைத் தானே சிந்திக்குமாறு விடவில்லை. ஒன்றைப் பரீட்சைக்காகவும் மற்றையதை உயிர் பிழைப்பதற்காகவும் மனனஞ் செய்ய வேண்டியிருந்தது.

கோபுரம் எழுந்தது, குரல் எழவில்லை

2009ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவடைந்தது. வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்ட பல்லாயிரக்கணக்கான பிள்ளைகளுள் பலர், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முகாம்களுக்குள் இருந்தவாறே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையையும் உயர்தரப் பரீட்சையையும் எழுதினர். முன்னாள் சிறுவர் போராளிகள் 594 பேர் புனர்வாழ்வளிக்கப்பட்டுக் குடும்பங்களுடன் இணைக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. அதே 2009ஆம் ஆண்டில் சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பின் தமிழ் அலைவரிசையாக 'வசந்தம்' தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய ஒளிபரப்புக் கோபுரம் திறந்து வைக்கப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகளின் பின் கொழும்பின் அலைகள் மீண்டும் வன்னியின் வீடுகளைத் தெளிவாக எட்டின.

கோபுரத்தின் வழியே வந்தவை எவை என்பதே கேள்வி. போர் வெற்றியின் கொண்டாட்டங்களும் நாட்டுக்காக உயிர்நீத்த படைவீரரின் வீரக் கதைகளும் அரச திரைகளில் நிறைந்திருந்தன. அவை தென்னிலங்கைப் பிள்ளைக்கு ஒரு கதையின் முடிவு. வன்னிப் பிள்ளைக்கோ அது தன் தந்தையையோ அக்காவையோ இழந்த நாட்களின் காட்சி. ஒரே திரையை இருவரும் பார்த்தனர். ஒருவரின் துக்கத்துக்கு அங்கே பெயரில்லை. கிளிநொச்சி நகரில் சரிந்து கிடந்த பாரிய நீர்த்தாங்கி போரின் பின் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அண்மையில் வெற்றியைக் குறிக்கும் நினைவுச்சின்னமும் எழுப்பப்பட்டது. அவற்றைத் தாண்டிப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளை, இது ஏன் விழுந்தது, யார் வீழ்த்தினார்கள், அன்று இங்கிருந்தோர் எங்கே என்று கேட்பது இயல்பு. பாடநூலிலும் கல்வி நிகழ்ச்சியிலும் அக்கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நாம் மூன்றாவதாகக் குறிப்பிட்ட மௌனம் என்னும் சார்பு இதுவே.

வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. செய்மதி அலைவாங்கிகளின் வழியே தமிழகத் தொலைக்காட்சிகள் வந்தன. 2007ஆம் ஆண்டில் சன் குழுமம் தொடங்கிய 'சுட்டி டிவி' வன்னிச் சிறுவருக்கும் பழக்கமானது. அதில் அரசியற் பிரசாரம் இல்லை எனலாம். ஆனால் அதன் தமிழ் சென்னையின் தமிழ். அதன் ஊர் வேறு. அதன் நோக்கம் விளம்பர வருமானம். குளமும் வயலும் பனையும் காடும் கொண்ட வன்னியின் வாழ்வு அத்திரையிலும் இல்லை. சார்பற்றது போலத் தோன்றும் திரையிலும் பிள்ளை தன்னைக் காணாமற் போகலாம்.

பெருந்தொற்றுக் காலத்து வகுப்பறை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட்-19 தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சி ஒரே நாளில் வகுப்பறையாக மாறியது. கல்வி அமைச்சு ரூபவாஹினியுடன் இணைந்து 'குரு கெதர' நிகழ்ச்சியை ஆரம்பித்தது. தமிழ்மொழிப் பாடங்கள் 'நேத்ரா' அலைவரிசையில் ஒளிபரப்பாயின. இணைய வசதியோ திறன்பேசியோ இல்லாத குடும்பங்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது. தமிழ் மாணவருக்கென அரச அலைவரிசையில் நாள்தோறும் பல மணி நேரம் ஒதுக்கப்பட்டமை முன்னெப்போதும் இல்லாத ஒரு மாற்றமாகும். இதனைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

எனினும் அந்நிகழ்ச்சி பரீட்சையை நோக்கியது. பாடத்திட்டத்தை முடிப்பதே அதன் பணி. தமிழ்மொழிப் பாடநூல்கள் பல சிங்கள மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை என்பதும், பெயர்ப்பில் பிழைகள் நேர்ந்துள்ளன என்பதும் ஆசிரியர்களால் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வந்த குறைகள். நூலில் இருக்கும் குறையைத் திரை இன்னும் பெரிதாக்கும். வகுப்பறையில் ஆசிரியர் தமது ஊரின் உதாரணத்தைச் சேர்த்துக் கூறலாம். பிள்ளை இடைமறித்துக் கேட்கலாம். திரையில் அது இயலாது. ஆகவே கல்வித் தொலைக்காட்சிக்குப் பாடநூலைக் காட்டிலும் கூடிய கவனம் தேவை.

பிற நாடுகள் காட்டும் வழிகள்

பிளவுண்ட சமூகங்களில் சிறுவர் தொலைக்காட்சி என்ன செய்யலாம் என்பதற்குச் சில முன்மாதிரிகள் உள்ளன. மசிடோனியாவில் 1999ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பான 'நாஷே மாலோ' தொடரில் மசிடோனிய, அல்பேனிய, துருக்கிய, ரோமா இனங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழ்வதாகக் காட்டப்பட்டது. பல மொழிகளும் அத்தொடரில் இடம்பெற்றன. இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் இணைந்து 1998ஆம் ஆண்டில் தயாரித்த செசமி நிகழ்ச்சி அதேயளவு வெற்றி பெறவில்லை. இரு சமூகத்துப் பாத்திரங்களும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும் என உணர்ந்து இரண்டு தெருக்களை அமைத்தனர். 2000ஆம் ஆண்டில் மோதல் மூண்டபின் கூட்டுத் தயாரிப்பும் நின்றது. திரையில் நல்லிணக்கத்தைக் காட்டிவிட்டு நிலத்தில் அநீதியைத் தொடர முடியாது என்பதே அதன் பாடம்.

சிறுவருக்கான செய்தி நிகழ்ச்சி இன்னொரு வழி. பிரித்தானியாவில் பிபிசி 1972ஆம் ஆண்டு முதல் 'நியூஸ்ரவுண்ட்' நிகழ்ச்சியை நடத்துகின்றது. ஜேர்மனியில் 'லோகோ' என்னும் சிறுவர் செய்தி 1980களின் இறுதியில் தொடங்கியது. போர், தேர்தல், விபத்து முதலியவற்றை அச்சுறுத்தாமலும் மறைக்காமலும் பிள்ளைகளுக்கு விளக்கலாம் என இவை காட்டியுள்ளன. கடினமான விடயத்தைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்ற வாதம் பெரும்பாலும் பெரியவரின் வசதிக்காகவே முன்வைக்கப்படுகின்றது.

சார்பு என்ற குற்றச்சாட்டே ஓர் ஆயுதமாக மாறலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பொது ஒளிபரப்பு பக்கச்சார்பானது எனக் கூறி 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி டிரம்ப் அதற்கான நிதியை நிறுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப் பெற்றது. சிறுவர் கல்வி நிகழ்ச்சிகளை நாடெங்கும் கொண்டு சென்ற சிறிய நிலையங்களும் இதனால் பாதிக்கப்பட்டன. தமிழகத்தில் 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் தலைமை அதிகாரிப் பதவிக்கு 2022ஆம் ஆண்டில் ஒருவர் நியமிக்கப்பட்டபோது, அவரது கட்சிச் சார்பு பற்றிய சர்ச்சை எழுந்து நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் அலைவரிசையின் நடுநிலை, தலைமையில் அமரும் ஒருவரின் நம்பிக்கையில் தங்கியிருக்குமானால் அது பலவீனமான நடுநிலையாகும். விதிகளும் வெளிப்படைத்தன்மையுமே உறுதியான காவல்.

செய்ய வேண்டியவை

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 17ஆம் உறுப்புரை, சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளையின் மொழித் தேவையைக் கவனத்திற் கொள்ளுமாறு வெகுசன ஊடகங்களை ஊக்குவிக்க வேண்டும் என அரசுகளைக் கேட்கின்றது. அந்தக் கடப்பாட்டின் அடிப்படையில் நான்கு விடயங்களை முன்வைக்கலாம்.

முதலாவதாக, தமிழ்மொழிக் கல்வி நிகழ்ச்சிகள் பெயர்க்கப்படுவதற்குப் பதிலாகத் தமிழிலேயே உருவாக்கப்பட வேண்டும். அவை உருவாகும் இடமும் கொழும்பாக மட்டும் இருக்கலாகாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. இந்நிறுவனங்களோடும் வன்னியின் ஆசிரியர்களோடும் இணைந்த ஒரு சிறிய தயாரிப்புப் பிரிவை அமைப்பது நாட்டின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.

இரண்டாவதாக, சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே வெளிவரும் சிறுவர் செய்தி நிகழ்ச்சி ஒன்று வேண்டும். முல்லைத்தீவுப் பிள்ளை மாத்தறைப் பிள்ளையையும், மாத்தறைப் பிள்ளை முல்லைத்தீவுப் பிள்ளையையும் அவரவர் மொழியில், எழுத்துவரிகளின் துணையோடு, நேரடியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, சர்ச்சைக்குரிய வரலாற்றைக் கையாள்வதற்கான நெறிமுறை எழுத்தில் வகுக்கப்பட்டுப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். போரில் இறந்த பிள்ளையின் இனம் கேட்கப்படலாகாது. இரு தரப்பும் மறுக்கும் நிகழ்வுகளைப் பற்றிப் பேசும்போது, எது நிறுவப்பட்டது, எது சர்ச்சைக்குட்பட்டது எனப் பிரித்துக் கூறப்பட வேண்டும். எந்தத் தரப்பின் ஆயுதமும் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாகக் காட்டப்படலாகாது.

நான்காவதாக, இப்பணிகளைக் கண்காணிக்கும் அமைப்பு அமைச்சரின் நியமனத்தில் தங்கியிராததாக இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய வழி அதுவே.

தமிழ்ச் சமூகத்துக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. அரச ஊடகத்தின் மௌனத்தைச் சுட்டிக்காட்டும் நாம், எமது தரப்பு ஊடகம் எமது பிள்ளைகளிடம் எதனைக் கேட்டது என்பதைப் பற்றிப் பேசுவதற்கும் துணிவு கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவோர் பிள்ளையின் பக்கம் நிற்பவர்கள் அல்லர்.

போர் முடிந்த ஆண்டில் வன்னியில் பிறந்த பிள்ளைகள் 2025ஆம் ஆண்டில் பதினாறு வயதை எட்டினர். பதுங்குகுழியை அவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் அதிலிருந்து வெளியே வந்தவர்களின் மடியில் வளர்ந்தவர்கள். தமது ஊரில் என்ன நடந்தது என்பதை அவர்கள் வீட்டில் பாதியாகவும், பிறரது கைத்தொலைபேசியில் வரும் துணுக்குகளில் திரிபாகவும் அறிகின்றனர். பாடசாலையும் கல்வித் தொலைக்காட்சியும் வாய்திறக்காத இடத்தில், மிக உரத்துப் பேசுவோரின் கதையே அவர்களுக்கு வரலாறாகிவிடும். அவ்வாறு ஆக விடுவதா, அல்லது அவர்களை எதிர்கால வாக்காளராகவோ போராளியாகவோ எண்ணாது, உண்மையை அறியும் உரிமை கொண்ட பிள்ளைகளாக மதித்துப் பேசுவதா என்பதைக் கல்வி அதிகாரிகளும் ஒளிபரப்பாளரும் பெற்றோரும் இப்போதே தீர்மானிக்க வேண்டியுள்ளது.